உலை எத்தனை பேருக்கு? பாய்க்கப்பல்களில் மாறியதும் மாறாததும்

கேள்வி இது: “1500 முதல் 1800 வரை ஐரோப்பிய வணிகக் கப்பல்களில் சொல்லிக்கொள்ளும்படி எந்தத் தொழில்நுட்ப மாற்றமும் நடக்கவில்லை, மூன்று பாய்மரம், மர உடல், சணல் கயிறு என்று எல்லாம் அப்படியே கிடந்தன, நீராவி வந்துதான் நிலைமை மாறியது என்று படித்தேன். உண்மையா?”

பாதி உண்மை. அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

15-ஆம் நூற்றாண்டு முடியும்போதே ஐரோப்பியப் பெருங்கப்பலின் உருவம் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. மூன்று பாய்மரங்கள். முன்னிரண்டில் சதுரப் பாய்கள், கடைசியில் ஒரு முக்கோணப் பாய். அமரத்தின், அதாவது பின்புறத்தின், நடுவில் இரும்புக் கொக்கிகளில் தொங்கும் சுக்கான். ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் விளிம்போடு விளிம்பு பொருந்திய பலகைகள், அவற்றின் இடுக்கில் கலப்பத்து அடித்த நாரும் தாரும். 1600-இல் ஆம்ஸ்டர்டாமில் கப்பலேறிய ஒரு மாலுமியைக் கொண்டுபோய் 1790-இல் லண்டனிலிருந்து கிளம்பும் கப்பலில் விட்டிருந்தால், முக்கால்வாசிக் கயிறுகளை இருட்டிலேயே தடவிக் கண்டுபிடித்திருப்பான். அதே ஓக் மரம், பால்டிக் கரையிலிருந்து வரும் அதே சணலும் தாரும், அதே உப்புக்கண்டம், அதே காற்று. சித்திரத்தில் பார்த்தால் இரண்டும் ஒரே கப்பல் போலத்தான் தெரியும்.

ஆனால் அந்த மாலுமிக்கு மறுநாளே ஒரு சந்தேகம் வந்திருக்கும்: மற்ற ஆட்களெல்லாம் எங்கே?

நான் தூத்துக்குடிக்காரன். பழைய துறைமுகத்தில் தோணிகள் சரக்கேற்றுவதைப் பார்த்து வளர்ந்தவன். சிறுவயதில் ஒரு பெரிய தோணியின் பாய் விரிவதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற வயதான தண்டையல் (தோணித் தலைவர்) ஒருவர் சொன்னார்: “பாயப் பாத்து மயங்காதீய தம்பி. அடுப்புல எத்தன பேருக்கு ஒல வைக்காவன்னு பாருங்க. லாபமும் நட்டமும் அதுலதான் இருக்கு.” கப்பல் வரலாற்றை எத்தனையோ இடங்களில் படித்துவிட்டேன். இந்தக் கேள்விக்கு அதைவிடக் கூர்மையான அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை. வணிகக் கப்பலில் ஆளுக்குக் கூலி, ஆளுக்குச் சோறு, ஆளுக்குத் தண்ணீர்ப் பீப்பாய், அந்தப் பீப்பாய் அடைக்கும் இடம். ஓர் ஆள் குறைந்தால் அவன் படுத்த இடத்தில் ஒரு மூட்டை ஏறும். ஆகவே இந்த முந்நூறு ஆண்டுகளில் நடந்த மாற்றத்தைப் பாய்மரத்தில் தேடினால் கிடைக்காது. உலையில் தேட வேண்டும்.

தேட ஆரம்பித்தால் முதலில் கண்ணில் படுவது ஹாலந்தின் ஹோர்ன் என்ற சின்ன ஊர். 1595-இல் அங்கே பீட்டர் யான்சூன் லியோர்னே என்ற வணிகர் கட்டுவித்த ஒரு கப்பல்வகைக்கு ஃப்ளூட் என்று பெயர். அழகுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அகலத்தைப் போல நான்கு மடங்கு நீளம். அதுவரை வணிகக் கப்பல்கள் இவ்வளவு நீண்டிருக்கவில்லை. தட்டையான அடி. பேரிக்காய்போல உருண்ட அமரம். பக்கச் சுவர்கள் நீர்மட்டத்தில் உப்பி, மேலே போகப் போக உள்ளே சரிந்து, மேல்தளம் ஒடுங்கிப்போயிருக்கும். உள்ளே கிட்டத்தட்ட ஒரு பெட்டி. தானியம், மரம், உப்பு, மீன் என்று மொத்தமாக விலை குறைந்த சரக்கை வாரிக்கொண்டு வருவதற்கென்றே செய்த பெட்டி.

இதில் ஆள் எங்கே குறைந்தது? பாய்மரத்தை உயர்த்தி, பாயைத் தாங்கும் குறுக்குக் கழிகளைக் குட்டையாக்கினார்கள். நம் கடற்கரையில் இந்தக் கழியைப் பருமல் என்பார்கள். பருமல் குட்டையானால் பாயின் அகலம் குறையும், எடை குறையும், அதை இழுத்துக் கட்டக் கைகளும் குறைவாகவே வேண்டும். கை வலிமையால் இழுத்துவந்த இடங்களிலெல்லாம் கப்பிகளை அடுக்கினார்கள். நங்கூரத்துக்கும் கனமான பருமல்களுக்கும் உருளை வைத்தார்கள். கப்பியும் உருளையும் ஆர்க்கிமிடீஸ் காலத்துச் சரக்குதான். புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. இருந்ததைக் கணக்குப் பார்த்து, வேண்டிய இடத்தில் வேண்டிய அளவுக்கு வைத்தார்கள். பிறகு மிகப் பெரிய காரியம் ஒன்றைச் செய்தார்கள்: பீரங்கிகளை இறக்கிவிட்டார்கள், அல்லது பெயருக்கு ஒன்றிரண்டு வைத்துக்கொண்டார்கள். பீரங்கி போனால் அதைத் தாங்கும் கனத்த தளம் வேண்டாம், சுட ஆள் வேண்டாம், அந்த ஆளுக்கு உலை வேண்டாம்.

இருநூறு டன் ஃப்ளூட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் போதும், அதே சரக்கை ஏற்ற நம் கப்பலுக்கு முப்பது பேர் வேண்டியிருக்கிறது என்று 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர்கள் சலித்துக்கொண்டார்கள். போட்டியாளனைப் பார்த்துப் பொருமும்போது கணக்கு கொஞ்சம் உப்பும்தான். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் வித்தியாசம் பெரியது. பால்டிக் தானிய வணிகம் டச்சுக்காரர் கையில் இருந்ததற்கு இந்தக் கணக்கு ஒரு முக்கியக் காரணம்.

ஃப்ளூட்டின் ஒடுங்கிய மேல்தளத்துக்கு ஒரு கதை உண்டு. பால்டிக் கடலுக்குள் போகும் எல்லாக் கப்பலும் டென்மார்க்கின் ஹெல்சிங்கோரில் சுங்கம் கட்டியாக வேண்டும். 1429-இல் தொடங்கிய அந்த வசூல் 1857 வரை நீடித்தது. மேல்தளத்தின் அகலத்தைப் பார்த்து வரி போட்டதால் டச்சுக்காரர்கள் தளத்தை ஒடுக்கி வயிற்றைப் பெருக்கினார்கள் என்பார்கள். வரலாற்றாசிரியர்களில் சிலர் இதை அப்படியே ஏற்பதில்லை. மேலே எடை குறைந்தால் கப்பல் உருளுவது குறையும் என்ற எளிய காரணமே போதும் என்பது அவர்கள் வாதம். எனக்கும் அந்தப் பக்கமே சாய்வு. ஆனால் சட்டம் கப்பலின் உருவத்தை வளைத்ததற்கு மறுக்க முடியாத சான்றுகள் வேறு இருக்கின்றன. பிரிட்டனில் 1836 வரை கப்பலின் டன் கணக்கைப் போட ஆழத்தை அளக்கவே மாட்டார்கள். அகலத்தில் பாதிதான் ஆழம் என்று வைத்துக்கொண்டு பெருக்குவார்கள். துறைமுகக் கட்டணமெல்லாம் அந்த எண்ணின்மேல்தான். விளைவு? ஒடுக்கமாக, ஆழமாக, பெட்டிபோலக் கப்பல் கட்டினார்கள். கடலில் அது மோசமாக நடந்துகொண்டாலும் காகிதத்தில் அது சிறிய கப்பல். கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் இன்னொரு விசேஷம். 500 டன்னுக்கு மேற்பட்ட கப்பலில் ஒரு பாதிரியாரை ஏற்ற வேண்டும் என்று விதி. பதினெட்டாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கம்பெனி வாடகைக்கு எடுத்த கப்பல்கள் வரிசையாக 499 டன் என்று பதிவாகியிருக்கும்.

மறுபடி ஆள் கணக்குக்கு வருகிறேன். ஃப்ளூட் மலிவாக இருந்ததற்கு அது கடலில் இறங்குவதற்கு முன்பே ஒரு காரணம் இருந்தது. யூட்கீஸ்ட் ஊர்க்காரரான கொர்னேலிஸ் கொர்னேலிசூன் காற்றாலையில் ஓடும் மர அறுவை எந்திரத்துக்கு 1593-இல் உரிமை பெற்றார். காற்றாலையின் சுழற்சியை மேலும் கீழும் போய்வரும் அசைவாக மாற்றும் வளைதண்டுதான் அதன் உயிர். அதுவரை பலகை அறுப்பது எப்படி நடந்தது என்பதை நம் ஊரில் வயதானவர்கள் பார்த்திருப்பார்கள்: மரத்தைப் பள்ளத்தின்மேல் கிடத்தி, மேலே ஒருவர், கீழே ஒருவர், நாள்முழுக்க இழுப்பு, கீழே நிற்பவர் கண்ணெல்லாம் மரத்தூள். அந்த இருவர் வேலையைக் காற்று எடுத்துக்கொண்டது, அதுவும் ஒரே நேரத்தில் பல ரம்பங்களை வைத்துக்கொண்டு. ஸான் ஆற்றங்கரை முழுக்க இந்த ஆலைகள் முளைத்தன. ரஷ்யாவின் பீட்டர் மன்னர் 1697-இல் கப்பல் கட்டக் கற்றுக்கொள்ள அந்தக் கரையிலுள்ள ஸாண்டாமைத் தேடிப் போனது சும்மா இல்லை.

இதே எந்திரம் இங்கிலாந்தில் என்ன ஆயிற்று தெரியுமா? 1768 மே மாதம், லண்டன் லைம்ஹவுஸில் சார்லஸ் டிங்லி என்பவர் கட்டியிருந்த காற்றாலை அறுவை ஆலையை அறுவைத் தொழிலாளர்கள் கூட்டமாக வந்து அடித்து நொறுக்கினார்கள். கொர்னேலிசூன் உரிமை பெற்று 175 ஆண்டுகள் கழித்து! வடகடலுக்கு அந்தப்பக்கம் பழைய கதையாகிவிட்ட ஒன்று, இந்தப்பக்கம் ரம்பக்காரர்களின் பிழைப்பைக் கெடுக்கும் புதுப்பிசாசு. தொழில்நுட்பம் என்பது எல்லா இடத்துக்கும் ஒரே நாளில் வரும் மழை என்று நினைப்பவர்கள் இந்த 175 ஆண்டுகளைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இதைவிட முக்கியமான ஒன்று: ஒரே ஊரில், ஒரே தச்சர்கள் கையில்கூட எல்லாக் கப்பலும் ஒன்றுபோல மாறவில்லை. ஹோர்னும் ஆம்ஸ்டர்டாமும்தான் ஃப்ளூட்டையும் கட்டின, ஆசியாவுக்குப் போன டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெரிய கப்பல்களையும் கட்டின. பத்துப்பேர் ஓட்டும் கப்பலைக் கட்டத் தெரிந்தவர்கள்தான், முந்நூறு பேருக்கு மேல் நெருக்கியடித்துப் படுத்த படேவியா என்ற கப்பலையும் 1628-இல் கட்டினார்கள். முட்டாள்தனமா? இல்லவே இல்லை. ஜாவா வரை ஏழெட்டு மாதப் பயணம். வழியில் போர்த்துக்கீசியர், பிறகு ஆங்கிலேயர். பீரங்கி இல்லாமல் போக முடியாது. கோட்டைகளுக்குச் சிப்பாய்களை ஏற்றியாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்கர்வி என்ற நோயிலும் காய்ச்சலிலும் சாகப்போகிறவர்களையும் சேர்த்தே ஆள் எடுத்தார்கள். போய்ச் சேரும்போது பாயை இழுக்க ஆள் மிஞ்ச வேண்டும் என்பதற்காகத் தொடக்கத்திலேயே கூடுதல் ஆள். 1602 முதல் 1795 வரை அந்தக் கம்பெனியின் கப்பல்கள் ஏறத்தாழ 4,700 முறை ஆசியாவை நோக்கிக் கிளம்பின. ஏறத்தாழ பத்து லட்சம் பேர் அவற்றில் போனார்கள். திரும்பி வந்தவர்கள் அதில் பாதிகூடத் தேறமாட்டார்கள். இந்தக் கப்பல்களில் உலை குறையவே இல்லை. ஃப்ளூட்டை மட்டும் பார்ப்பவருக்கு இது புரட்சியின் காலம். படேவியாவை மட்டும் பார்ப்பவருக்கு ஒன்றும் நடக்கவில்லை. இருவர் சொல்வதும் சரியே.

படேவியா 1629 ஜூனில் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்கு அப்பால் பவளப்பாறையில் ஏறி உடைந்தது. 1970-களில் அதன் அமரப்பகுதியைத் தூக்கி ஃப்ரீமாண்டில் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். அதன் பலகைகளில் ஒரு சின்ன விஷயம் என்னை எப்போதும் ஈர்க்கும். பலகை முழுக்க வரிசை வரிசையாகச் சிறு மரமுளைகள். பழைய ஆணித் துளைகளை அடைத்தவை. துளைகள் எப்படி வந்தன? வடக்கு ஹாலந்துத் தச்சர்கள் ஏராவை, அதாவது அடிமரத்தை, கிடத்தியதும் விலாச்சட்டத்தை நிறுத்துவதில்லை. முதலில் அடிப்பலகைகளைத் தற்காலிக மரத்துண்டுகளால் ஒன்றோடொன்று பிடித்துவைத்து, கண்ணளவிலேயே வயிற்றின் வளைவைக் கொண்டுவருவார்கள். பிறகுதான் அந்த வளைவுக்கேற்ப வங்குகளை, அதாவது விலாச்சட்டங்களை, செதுக்கி உள்ளே இறக்குவார்கள். வேலை முடிந்ததும் துண்டுகளைக் கழற்றி, ஆணித் துளைகளை முளை வைத்து அடைப்பார்கள். வரைபடம் கிடையாது. அந்தக் காலத்தின் மிகப் பெரிய நிறுவனத்தின் பெரிய கப்பல்களில் ஒன்று ஒரு மேஸ்திரியின் கண்ணிலிருந்தும் கையிலிருந்தும் பிறந்தது. கீழக்கரையிலும் வல்வெட்டித்துறையிலும் தாளில்லாமல் கப்பல் கட்டிய நம் ஓடாவிகளைக் கேலி செய்பவர்கள் இந்த முளைகளைப் பார்த்துவிட்டு வரட்டும். வரைபடம் மெல்லத்தான் வந்தது. சுவீடனின் கப்பல் வடிவமைப்பாளர் சாப்மன் 1768-இல் வணிகக் கப்பல்களின் வரைபடங்களைப் பெரிய தொகுப்பாக அச்சிட்டார். அதிலும் பழைய ஃப்ளூட்டுக்கு இடம் இருந்தது. 170 ஆண்டுகள் கழித்தும் அந்தப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது.

படேவியாவின் மறு உருவம் ஒன்றை நெதர்லாந்தின் லெலிஸ்டாடில் கட்டி 1995-இல் நீரில் இறக்கினார்கள். அதன் உள்தளத்தில் சுக்கான் பிடிக்கும் இடத்தில் நின்றபோதுதான், படித்துப் புரியாத ஒன்று எனக்குப் புரிந்தது. அங்கே சக்கரம் கிடையாது. தளத்தில் உள்ள துளை வழியாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நெட்டைக் கம்பு. அதன் கீழ்முனை சுக்கானின் நீண்ட கைப்பிடியில் மாட்டியிருக்கும். கம்பை இடப்பக்கம் சாய்த்தால் கீழே கைப்பிடி எதிர்ப்பக்கம் நகரும். நகரும் என்றால் சில பாகைதான்; அதற்குமேல் திருப்பக் கம்பைத் தளத்தின் துளைக்குள் அழுத்தித் தள்ள வேண்டும், பிடிமானமும் போய்விடும். புயலில் கம்பு ஆளைத் தூக்கி அடிக்கும். அங்கே நிற்பவனுக்குக் கடல் தெரியாது. மேலிருந்து அதிகாரி கத்துவதைக் கேட்டுத் திருப்ப வேண்டியதுதான். 1700-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தில் சக்கரம் வருகிறது. கைப்பிடியின் இரு பக்கமும் கயிறு கட்டி, கப்பிகள் வழியாக மேல்தளத்துக்குக் கொண்டுபோய் ஓர் உருளையில் சுற்றி, உருளைக்கு இரண்டு பக்கமும் சக்கரம். அவ்வளவுதான். மறுபடியும் கயிறும் கப்பியும். ஆனால் இப்போது சுக்கானி வானத்தையும் பாயையும் தன் கண்ணால் பார்க்கிறான், சுக்கானை முழுதாகத் திருப்புகிறான்.

பாயிலும் இதே கதை. 1600-இல் காற்று ஏறினால் பாயின் அடியில் கயிறு கோத்துக் கட்டிய கூடுதல் துண்டை அவிழ்ப்பார்கள். பருமல்மேல் வேலை செய்பவன் குதிரைமேல் உட்கார்வதுபோலக் காலை இருபுறமும் போட்டு நகர வேண்டும். 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பருமலுக்குக் கீழே ஒரு கால்கயிறு தொங்க ஆரம்பிக்கிறது. அதில் காலூன்றி, வயிற்றைப் பருமலில் சாய்த்துக்கொண்டால் இரண்டு கையும் வேலைக்கு வந்துவிடும். அதோடு, மேல்பாயையே மடித்துக் கட்டும் சிறு கயிறுகளும் பரவுகின்றன. ஒரு முழக் கயிறு இரண்டு கைகளை விடுவித்தது. இதைக் கண்டுபிடித்தவன் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

இனி புழு. வெப்பக் கடலில் ஓடிய எந்த மரக்கலத்துக்கும் புயலைவிடப் பெரிய எதிரி கப்பல் புழுதான். தோணி பழுதுபார்க்கும் இடத்தில் கழற்றிப் போட்ட ஒரு பலகையைச் சின்ன வயதில் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். வெளியே குண்டூசித் தலை அளவில் நாலைந்து துளை, அவ்வளவே. முழங்காலில் வைத்து அழுத்தினேன், முறுக்கு மாதிரி நொறுங்கியது. உள்ளே விரல் நுழையும் அளவுக்குக் குழாய் குழாயாகத் துளை, ஒவ்வொன்றின் உட்சுவரிலும் வெள்ளையாகச் சுண்ணாம்புப் பூச்சு. அது உண்மையில் புழு இல்லை, சிப்பி இனம். 1731-இல் நெதர்லாந்தின் கடல் அணைகளைத் தாங்கிய மரங்களையே தின்று நாட்டைக் கலங்கடித்தது.

இதற்கு எதிராக டச்சுக்காரர்கள் ஓக் பலகைக்கு வெளியே மாட்டுமயிரும் தாரும் பூசி, அதன்மேல் பைன் பலகை ஒன்று போர்த்தி, தலை பருத்த இரும்பு ஆணிகளை நெருக்கி நெருக்கி அடித்தார்கள். ஆணி துருப்பிடித்து ஒட்டுமொத்தமாக ஒரு துருக்கவசம் ஆகும். இந்தியத் துறைகளில் சுண்ணாம்பையும் எண்ணெயையும் குழைத்துப் பூசினார்கள். தேக்கில் எண்ணெய்ப்பசை இருப்பதால் ஓக்கைப்போல அது ஆணியை அரிக்காது. சூரத்திலிருந்து வந்த லவ்ஜி நுசர்வான்ஜி வாடியா 1736 முதல் பம்பாயில் கட்டிய தேக்குக் கப்பல்களின் ஆயுள் ஆங்கிலேயரையே வாய்பிளக்க வைத்தது. அந்தத் துறையில் 1817-இல் இறக்கிய டிரிங்கோமலி, போர்க்கப்பல்தான், நம் திருகோணமலையின் பெயரோடு இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது.

ஐரோப்பாவில் உண்மையான திருப்பம் செம்பு. 1761-இல் ஆங்கிலேயக் கடற்படை அலார்ம் என்ற கப்பலின் அடிக்குச் செப்புத் தகடு போர்த்தியது. புழு நெருங்கவில்லை, பாசியும் சிப்பியும் ஒட்டவில்லை. ஆனால் திரும்பி வந்ததும் பார்த்தால், செம்பு தொட்ட இடத்திலெல்லாம் இரும்பு ஆணிகள் கூழாகியிருந்தன. உப்புநீரில் செம்பும் இரும்பும் சேர்ந்தால் மின்கலம்போல வேலை செய்யும், இரும்புதான் பலியாகும். அது ஏன் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. தகட்டுக்கும் ஆணிக்கும் நடுவே காகிதம் வைத்துப் பார்த்தார்கள், பூச்சு பூசிப் பார்த்தார்கள். 1783 வாக்கில் செம்புக் கலவையிலேயே போதிய கடினமுள்ள ஆணி செய்யக் கற்ற பிறகுதான் வழி திறந்தது. தகட்டைக் கண்டுபிடிக்க ஒரு நாள், ஆணிக்கு இருபது ஆண்டு. அதன்பின் வணிகக் கப்பல்களும் செம்பு போர்த்தின. நான்கு முறை இந்தியா போய்வந்தால் கழித்துக்கட்ட வேண்டும் என்றிருந்த கம்பெனிக் கப்பல்களை ஆறு முறை அனுப்பலாம் என்றானது. அடி சுத்தமாக இருந்ததால் வேகமும் கூடியது. ஆனாலும் எல்லா வணிகரும் வாங்கவில்லை. குளிர்ந்த கடலில் நிலக்கரி சுமந்த கப்பலுக்குச் செம்பு எதற்கு?

அந்த நிலக்கரிக் கப்பலையும் ஒருமுறை பார்த்துவிடலாம். இங்கிலாந்தின் விட்பியில் 1764-இல் இறக்கிய ஒன்று, 368 டன், தட்டை அடி, மொட்டை மூக்கு. ஓதம் வற்றும்போது மணலில் சாயாமல் உட்காரும். ஃப்ளூட்டின் ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். ஆங்கிலேயக் கடற்படை அதை வாங்கி எண்டெவர் என்று பெயர் மாற்றியது; ஜேம்ஸ் குக் 1768-இல் பசிபிக்குக்குக் கொண்டுபோனது அதைத்தான். குக்கோடு ஏறியவர்கள் 94 பேர். நிலக்கரி ஏற்றியபோது அந்தக் கப்பலுக்கு அதில் சிறு பங்கு ஆளே போதுமானதாக இருந்தது. ஒரே மரம், ஒரே பாய்; வேலை மாறியதும் உலை மாறிவிட்டது.

இந்த இடத்தில்தான் பொருளாதார வரலாற்றாசிரியர்களின் பழைய சண்டை வருகிறது. பின்னாளில் நோபல் பெற்ற டக்ளஸ் நார்த் 1968-இல் ஒரு வாதம் வைத்தார்: 1600-க்குப் பிறகு கப்பலில் சரக்கு அனுப்பும் கூலி குறைந்ததற்குப் புது எந்திரம் காரணமில்லை, கடற்கொள்ளை ஒழிந்ததும் சந்தை பெருத்ததுமே காரணம், கொள்ளையர் இல்லாத கடலில் பீரங்கியும் ஆளும் குறைந்த ஃப்ளூட் மாதிரிக் கப்பல் ஓட முடிந்தது என்றார். அமெரிக்காவின் வர்ஜீனியாப் புகையிலையைப் பாருங்கள். 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு கப்பல் செசபீக் கரையில் தோட்டம் தோட்டமாக அலைந்து சரக்கு சேர்க்க மூன்று மாதம் ஆகும். 1760-களில் கிளாஸ்கோ வணிகர்கள் கரையிலேயே கடை போட்டு, கப்பல் வருமுன் புகையிலையைச் சேர்த்து வைத்தார்கள். காத்திருப்பு ஏறக்குறைய பாதியானது. அட்லாண்டிக்கில் கப்பலின் வேகம் அப்போது பெரிதாகக் கூடவில்லை. மாலுமிகள் துறைமுகத்தில் காத்துக்கிடந்து தின்ற சோறுதான் மிச்சமானது.

நார்த் சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் பின்னால் பழைய கப்பல்களின் தினக்குறிப்பேடுகளை நாள்வாரியாகக் கணக்கிட்டவர்கள், 1780-க்குப் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் அதே காற்றில் முன்னைவிட நன்றாகவே வேகமாக ஓடின என்று காட்டிவிட்டார்கள். செம்பும், உறுதியான ஆணியும், பாய் அமைப்பும் சேர்ந்து செய்த வேலை. 1700-ஐ வைத்துப் பேசினால் ஒரு விடை, 1800-ஐ வைத்துப் பேசினால் வேறு விடை. முந்நூறு ஆண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதுதான் கேள்வியில் உள்ள சிக்கல்.

கடிகாரத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகப் போகிறேன். இங்கிலாந்தின் ஜான் ஹாரிசன் 1759-இல் முடித்த கடிகாரம், தீர்க்கரேகையை, அதாவது கப்பல் கிழக்கு மேற்கில் எங்கே நிற்கிறது என்பதை, கண்டுபிடிக்கும் வழியைத் திறந்தது. ஆனால் கெண்டல் என்ற கடிகாரக்காரர் செய்த அதன் முதல் நகலின் விலை 500 பவுன். சாதாரண வணிகக் கப்பல் தலைவன் நூற்றாண்டு முடியும்வரை கயிற்றில் முடிச்சுப் போட்டு வேகம் எண்ணி, ஈயக்குண்டு விட்டு ஆழம் பார்த்தான். படேவியாவை உடைத்த அதே அறியாமையோடுதான் பெரும்பாலோர் ஓட்டினார்கள்.

கடைசியாக நம் கரைக்கு வருகிறேன், ஆள் கணக்கின் மறைந்த பக்கம் இங்கேதான் இருக்கிறது. 1790-இல் செம்பு போர்த்தி, சக்கரம் வைத்து, ஒருவேளை கடிகாரமும் வைத்து லண்டனிலிருந்து கிளம்பிய கப்பல் சென்னைக்கு முன்னால் வந்து நிற்கிறது. நிற்கிறது என்றால் கரையில் அல்ல, அலை உடையும் இடத்துக்கு வெகு வெளியே, திறந்த கடலில். துறைமுகம் கிடையாது. 1861-இல் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் வரும்வரை, 1870-களில் துறைமுக வேலை தொடங்கும்வரை, அங்கே ஏறி இறங்கிய ஒவ்வொரு துணிப் பொதியும், ஒவ்வொரு கவர்னரும் கடந்தது மசூலாப் படகில்தான்.

மசூலாவில் ஓர் ஆணி கிடையாது. வங்கு கிடையாது. பலகைக்குப் பலகை துளையிட்டு, இடுக்கில் நார் வைத்து, தென்னங்கயிற்றால் தைத்த படகு. அலை அதைத் தூக்கி மணலில் அறையும்போது பலகைகள் தையலில் நெளிந்து, அடியை வாங்கிக்கொண்டு, மறுபடி உருவத்துக்கு வரும். கப்பலின் சொந்தப் படகுகள், ஆணியடித்த, வங்கு வைத்த, உறுதியான படகுகள், அதே அலையில் சில்லுச் சில்லாகப் போயின. லண்டன் தச்சனின் உறுதி இந்தக் கரையில் குற்றம். இங்கே நெளிவுதான் பலம். பருவமும் மாறவில்லை: அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை கப்பல்கள் இந்தக் கடலை விட்டு விலகிவிட வேண்டும். 1746-இல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர் லா போர்தொனே அக்டோபர் பாதியிலும் நின்றார். ஒரே இரவுப் புயலில் கப்பல்களையும் நூற்றுக்கணக்கான ஆட்களையும் இழந்தார்.

மசூலாவில் எட்டுப் பத்துப் பேர் துடுப்புப் போடுவார்கள், பின்னால் ஒருவர் நீளத் துடுப்பால் திசை பிடிப்பார். பக்கத்திலேயே கட்டுமரத்தில் இருவர், கவிழ்ந்தால் தூக்கியெடுக்க. ஒரு பெரிய கப்பலின் சரக்கை இறக்க இப்படி எத்தனையோ படகுகள், எத்தனையோ நடை. கப்பலின் ஆள்பட்டியலை எடுத்து டன்னுக்கு எத்தனை பேர் என்று வகுத்தால் எண் ஆண்டுக்கு ஆண்டு அழகாகக் குறையும். பலகையறுத்தவனின் வேலை ஸாண்டாமில் காற்றுக்குப் போனது. பீரங்கிக்காரன் அரசாங்கப் போர்க்கப்பலுக்குப் போனான். சென்னைக் கரையில் அலையோடு மல்லுக்கட்டிய துடுப்புக்காரருக்கோ தொடக்கத்திலிருந்தே அந்தப் பட்டியலில் இடம் இல்லை. அவர் வீட்டு உலை கரையில், குப்பத்தில் கொதித்தது.